ஒழுகுவதற்கு நிதி இல்லை

பொதுக்காரியங்களுக்குச் சர்க்காரிடத்தில் பணம் இல்லை என்று கூறுவோருடன் நான் ஒருபோதும் உடன்பட்டதில்லை. 1993-ஆம் வருஷத்தின் கடைசியில் ஜனித்த நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியானது, முதல் வருஷம் 5 லட்சமாகத் தவழ்ந்து, மறுவருஷமே ஒரு கோடியாக எழுந்து நின்று, 2011-12 முதல் வருஷத்துக்கு 5 கோடியாக வீறுநடை போடத் தொடங்கியது. சட்டமன்ற உறுப்பினருக்கென்று தனியே ஒரு நிதி உண்டு. போதாக்குறைக்கு, 1948-ஆம் வருஷத்து நூலகச் சட்டத்தின் புண்ணியத்தால், புஸ்தகத்தைக் கையால் தொட்டறியாத கிருகஸ்தரும் வீட்டுவரியோடு சேர்த்து நூலக வரி செலுத்திவருகிறார். ஆகவே, குறை பணத்தில் இல்லை. நமக்கு நேர்கிற கஷ்டங்கள், விதிமுறைகளைப் படித்துப் பார்த்துவிட்டு நேர்வதில்லை என்பதுதான் குறை.

எங்கள் ஊர்ப் படிப்பகம் பஞ்சாயத்துக்குச் சொந்தமான கட்டிடம். அதன் கூரை ஒழுகிற்று. ஐப்பசி மாதத்தில் பத்திரிகை வாசிக்க வரும் பெரியவர்கள், ஒரு கையில் குடையும் மறுகையில் தலையங்கமுமாக உட்கார்ந்திருக்கும் காட்சியைக் கண்டு மனம் இளகிய நிர்வாகக் கமிட்டியார், ஊரிலேயே கையெழுத்து நன்றாயிருப்பவன் என்ற ஒரே யோக்கியதையை உத்தேசித்து, நிதி தேடும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலை மனுவோடு இணைத்து, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தின் நீண்ட வரிசையில் நின்று சமர்ப்பித்தேன். அங்கிருந்து அது ஒவ்வொரு மேஜையாகப் பிரயாணம் செய்து சேர்ந்த இடத்தில், ஓர் அதிகாரி வெகு அனுதாபத்தோடு விளக்கினார்:

“எம்.பி. நிதியிலே புதுசாக் கட்டலாம் சார். ரிப்பேருக்கு விதி இல்லை.”

“கூரை முழுசா விழுந்துட்டா?”

“அப்போ பேஷா எழுதிக் குடுங்க.”

அன்று முதல் கமிட்டி அங்கத்தினர்கள் அந்தக் கூரையைப் பார்க்கும் பார்வையில், பரிவு போய் ஒருவித எதிர்பார்ப்பு குடிகொண்டது.

பிறகுதான் 1997-98-இல் தொடங்கப்பெற்ற ‘நமக்கு நாமே’ திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டோம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் செலுத்தினால் மீதியைச் சர்க்கார் தரும் என்றார்கள். ஓவர்சியர் வந்து அளந்து, ஒழுகலோடு நில்லாமல் தரை, ஜன்னல், சுற்றுச்சுவர் யாவற்றுக்கும் சேர்த்து எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார். வசூலுக்குப் புறப்பட்டோம். ரைஸ்மில் முதலாளி, “மூணுலே ஒரு பங்குதானே? மத்த ரெண்டு பங்கும் வந்ததும் சொல்லியனுப்புங்க” என்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எங்கள் வேண்டுகோளை ஆதியோடந்தமாக வாசித்து, நான்கு சந்திப்பிழைகளைத் திருத்தி, அதையே தம் நன்கொடையாகப் பாவிக்கும்படி கேட்டுக்கொண்டார். ஜவுளிக்கடைக்காரரோ, தமக்கு முன்னால் எதிர்க்கடைக்காரர் எழுதிய தொகையைப் பார்த்துவிட்டு, அதற்குமேல் ஒரு ரூபாய் கூட்டி எழுதினார். தர்மசிந்தனையைக் காட்டிலும் போட்டி மனப்பான்மையே பொதுநலத்துக்கு உற்ற துணை என்று அன்று தெளிந்தேன். அதற்குப்பின் கடைகளுக்கு எதிரும் புதிருமாகவே போய்வந்ததில், பங்குத்தொகை ஒருவாறு சேர்ந்தது.

கலெக்டர் பெயருக்கு டிராப்ட் எடுக்கவிருந்த சமயத்தில், வேறு வேலையாக வந்த கொத்தனார் ஒருவர் கூரைமேல் ஏறி இறங்கி, ஒழுகலை மட்டும் அடைப்பதற்கு எங்கள் கையில் உள்ள தொகையே தாராளம், மிச்சம்கூட விழும் என்றார்.

கமிட்டி அவசரமாகக் கூடி நெடுநேரம் விவாதித்தது. சர்க்கார் மனமுவந்து அளிக்கவிருக்கும் இரண்டு பங்கை, ஒரு கொத்தனாரின் பேச்சைக் கேட்டு இழப்பது பொதுப்பணத்துக்குச் செய்யும் துரோகம் என்று ஏகமனதாக முடிவாயிற்று. டிராப்ட் போய்ச் சேர்ந்தது. மனு பரிசீலனையில் இருக்கிறது. மீதமிருந்த சில்லறையில், வாசகர் உபயோகத்துக்கென்று நான்கு குடைகள் வாங்கிவைத்திருக்கிறோம்.