அடுத்த மாடிக்குத் தரை

புது வீட்டுக்கு என்ன கூரை போடலாம் என்று வாயைத் திறந்தால் போதும், பால்காரர் வரை யோசனை சொல்வார்கள். வாய் திறக்க உரிமையில்லாதவர் வீட்டுக்கடன் வாங்கியவர் மட்டும்தான்.

என் மனைவிக்கு ஓட்டு வீடு ஆசை. பாசல் மிஷன்காரர்கள் 1865-இல் மங்களூரில் சூளை வைத்துச் சுடத் தொடங்கிய அதே சிவப்பு ஓடு. மேஸ்திரி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: “போட்டுரலாம் சார். தண்ணித் தொட்டிய எங்க வெப்பீங்க? அம்மா வத்தலு வடாம் எங்க காயப் போடுவாங்க? நாளைக்குத் தம்பிக்குக் கல்யாணம்னா மாடி எப்படி எடுப்பீங்க?”

தம்பி என்றது என் மகனை. இரண்டாம் வகுப்பு படிக்கிறான்.

நம் ஊரில் யாரும் கூரை போடுவதில்லை. அடுத்த மாடிக்குத் தரை போடுகிறோம். சித்திரை வெயிலில் பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் தளம் ராத்திரி வட்டியோடு திருப்பித் தரும். பரவாயில்லை. தூண் கம்பிகளை நாலடி நீட்டிவிட்டு, துரு ஏறாமல் சிமென்ட் பால் பூசி, கொடி கட்டித் துணி காயப்போட்டால் வம்சம் தழைக்கப் போகிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

சட்டம் இதைவிட எளிது. 2019-இன் கட்டட விதிகள், பக்கத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும், எவ்வளவு உயரம் எழுப்பலாம் என்று சொல்லிவிட்டன. மழைநீர் சேகரிப்பு 2003-இலிருந்தே கட்டாயம். 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடிக்குள் கட்டினால், 2024 முதல் சுயசான்று கொடுத்து ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். அரசாங்கமே நம்மை நம்புகிறது. வாஸ்துக்காரர்தான் நம்ப மாட்டேன் என்கிறார்.

என்ஜினீயர் மழைநீர்க் குழியைத் தென்மேற்கில் வரைந்திருந்தார். “கன்னி மூலையில பள்ளமா?” என்று வாஸ்துக்காரர் நெஞ்சில் கை வைத்தார். தொட்டி கன்னி மூலைக்கு ஏறியது. குழி ஈசானிய மூலைக்கு இறங்கியது. தளத்தின் வாட்டமும் ஈசானியம் பார்த்தே இருக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

தளம் போட்டுத் தட்டோடும் பதித்த பிறகு மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார். எல்லோரும் ஈசானிய மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் நடுத்தளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

மேஸ்திரி துளியும் அசரவில்லை. “இதுக்கெல்லாம் கவலப்படாதீங்க சார். தம்பிக்கு மாடி எடுக்கறப்ப சரி பண்ணிக்கலாம்.”