டீ ஆறுவதற்குள் ஒரு மதிப்பீடு

நிலம், கட்டடத்துக்கு விலை சொல்லும் பதிவுபெற்ற மதிப்பீட்டாளராக, மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி சிவில் இன்ஜினீயரிங், கட்டடக்கலை போன்ற பட்டம் ஒன்று வேண்டும். அதற்குப் பின் 5 ஆண்டு அனுபவம், 50 மணி நேரப் பயிற்சி, கணினிவழித் தேர்வு. அதே மனைக்கு டீக்கடை பெஞ்சில் இருக்கும் புரோக்கர், டீ ஆறுவதற்குள் விலை சொல்லிவிடுகிறார்.

மதிப்பீட்டுப் பாடத்தில் ஒப்பீட்டு முறை என்று ஒன்று உண்டு. அக்கம்பக்கத்து மனைகள் என்ன விலைக்குக் கைமாறின என்று பதிவான பத்திரங்களைப் புரட்டிப் பார்ப்பது. நல்ல முறைதான். ஆனால் பல பத்திரங்களில் இருப்பது அரசின் வழிகாட்டி மதிப்பு. மீதி மஞ்சள் பையில் போய்விட்டது. மஞ்சள் பைக்கு வில்லங்கச் சான்று கிடையாது.

அரசும் சளைத்ததல்ல. தமிழ்நாட்டில் 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் இறங்கியது. பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 ஆக ஏறியது. 2023 ஜூலையில் மதிப்பு பழைய இடத்துக்கே திரும்பியது; கட்டணம் 2 ஆனது. மனை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்த மதிப்பீட்டுப் படிப்பில் சேரும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: தேர்வில் உதாரணம் கேட்டால் பதிவான பத்திரத்தையே காட்டுங்கள். புரோக்கர் சொன்ன விலை சரியாகவே இருந்தாலும் அதற்கு மார்க் கிடையாது.