‘அவசியம் படிங்க’: நூல் பரிந்துரைத்தலின் இலக்கணமும் பத்துக் குற்றங்களும்

1. ஆய்வின் தேவை

வாசிக்கும் பழக்கமுள்ள இருவர் சந்தித்துக்கொண்டால், வெயிலைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் ஒருவர் மற்றவரிடம் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லி “அவசியம் படிங்க” என்பார். மற்றவர் “கண்டிப்பா” என்பார். நிகழ்வு அத்துடன் இனிதே நிறைவுறும். சொன்னவர் கடமை முடிந்த நிம்மதியில் போவார். கேட்டவர் பெயரை மறந்துவிட்ட நிம்மதியில் போவார். புத்தகம் கடையிலேயே இருக்கும். இரு தரப்பும் இவ்வளவு மனநிறைவோடு பிரியும் பரிமாற்றத்தை வீட்டுமனை வாங்குவதிலோ பெண் பார்க்கும் படலத்திலோ காண இயலாது. ஆயினும் இது குறித்த முறையான ஆய்வு எதுவும் எம் கண்ணில் படவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருதுகோள்: ஒருவர் ஒரு நூலைப் பரிந்துரைக்கும்போது நூலைப் பற்றிப் பேசுவதில்லை, கேட்பவரைப் பற்றியும் பேசுவதில்லை, தம்மைப் பற்றியே பேசுகிறார்.

ஆய்வுமுறை: ஒட்டுக்கேட்டல். களங்கள்: புத்தகக் காட்சி, அலுவலகச் சாப்பாட்டு நேரம், கல்யாணப் பந்திக்கு முந்தைய அரைமணி, உறவினர் வீட்டுக் கூடம். புள்ளிவிவரம் தரப்படவில்லை. “படிச்சிட்டேன்” என்று சொல்பவர் எந்தப் பக்கம் வரை படித்தார் என்று அளக்கும் கருவி இன்னும் சந்தைக்கு வராததே காரணம்.

2. முன்னோர் கருத்து

சீர்காழியில் 1892இல் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் நெட்டுருப் போடுகிறார்கள். புத்தகம் பயன்படவே இருக்கிறது என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பன அடுத்த இரண்டு. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. நூலகம் வளரும் உயிரி என்பது ஐந்தாவது. இவற்றுள் இரண்டும் மூன்றும் கைகோக்கும் இடத்தில்தான் நல்ல பரிந்துரை பிறக்க வேண்டும். நடைமுறையில் அது யாரும் எழுதிவைக்காத ஆறாம் விதியிலிருந்து பிறக்கிறது: ‘என் புத்தகம் எல்லோருக்கும்.’ நான்காம் விதியின் கதியைச் சொல்லவே வேண்டாம்.

அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகம் தொடங்கியது ஈண்டு நோக்கத்தக்கது. வண்டி ஊருக்குள் வந்தது, புத்தகம் கைக்கு எட்டியது, அவ்வளவுதான். இதை அவசியம் படியுங்கள் என்று மாடுகள் எவரையும் வற்புறுத்தியதாகத் தெரியவில்லை.

தமிழில் பரிந்துரையை ஒரு முழுநேரப் பணியாகவே செய்தவர் க.நா. சுப்ரமண்யம் (1912–1988). சிறந்த நாவல்கள், சிறந்த கதைகள் என்று சலிக்காமல் பட்டியல் போட்டார். பட்டியலில் இடம்பெற்றவர்களின் மகிழ்ச்சியைவிட விடுபட்டவர்களின் கோபம் நீண்ட நாள் நின்றது. பிடித்த நூல்களை அறிமுகம் செய்து அவர் எழுதிய புத்தகத்துக்கு ‘படித்திருக்கிறீர்களா?’ என்று பெயர். கேள்விக்குறியோடு நிறுத்திக்கொண்டது அவருடைய பெருந்தன்மை. பின்வந்தோர் அதே கேள்வியைக் குற்றப்பத்திரிகையாக மாற்றினார்கள்: “இன்னுமா படிக்கல?”

3. பத்துக் குற்றங்கள்

பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தை வகுத்தார். நூலைச் சிபாரிசு செய்பவருக்கு எத்தனை குற்றம் என்று சொல்லாமல் விட்டார். அதே பத்தும் இவருக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகின்றன என்பது எம் துணிபு.

குன்றக் கூறல்: “செம புக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்தல். ஆசிரியர் பெயர் கிடையாது, தலைப்பும் பாதிதான். இதை நம்பிக் கடைக்குப் போனவர் “ஏதோ மரம்னு வரும் சார்” என்பார். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ‘ஒரு புளியமரத்தின் கதை’யை எடுத்து வைப்பார். இத்துறையில் உண்மையான அறிஞர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு இதுவே சான்று.

மிகைபடக் கூறல்: “என் வாழ்க்கையையே புரட்டிப் போட்ட புத்தகம்.” அன்னாரின் வாழ்க்கையைக் கூர்ந்து நோக்கின், அது அதே வீட்டில், அதே நாற்காலியில், அதே மாதத் தவணையுடன் புரளாமல் இருப்பது தெரியவரும்.

கூறியது கூறல்: சென்ற தீபாவளிக்குச் சொன்ன அதே புத்தகத்தை இந்தத் தீபாவளிக்கும் புதிதாகக் கண்டுபிடித்தவர்போல் சொல்லுதல்.

மாறுகொளக் கூறல்: “ஒரே மூச்சுல முடிச்சிடலாம். எனக்கு மூணு மாசம் ஆச்சு.”

வழூஉச்சொல் புணர்த்தல்: தி. ஜானகிராமன் எழுதியதை ஜெயகாந்தன் கணக்கில் எழுதுதல்.

மயங்க வைத்தல்: “கதைன்னு பாத்தா ஒண்ணும் இல்ல. ஆனா எல்லாமே இருக்கு.” 1981இல் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ வெளிவந்த பிறகு இக்குற்றம் இலக்கிய வட்டாரங்களில் ஒரு தகுதியாகவே கொள்ளப்பட்டது.

வெற்றெனத் தொடுத்தல்: ஒரு புத்தகம் கேட்டவருக்குத் தம் வீட்டு அலமாரியை முழுதாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புதல். படம் மங்கலாக இருப்பது மரபு.

மற்றொன்று விரித்தல்: ‘மோகமுள்’ளில் தொடங்கி, அதைப் படித்த கல்லூரி விடுதி, விடுதியின் சாம்பார், அறைத்தோழனின் இன்றைய உத்தியோகம் என்று சென்று, ‘மோகமுள்’ளுக்குத் திரும்பாமலே விடைபெறுதல்.

சென்று தேய்ந்து இறுதல்: “அதுல ஒருத்தர் வருவாரு பாருங்க… அவரு என்ன பண்றாருன்னா… அப்புறம்… சரி, நீங்களே படிங்க.”

நின்று பயனின்மை: முடிவு உட்பட முழுக் கதையையும் சொல்லிவிட்டு, “ஆனா அதுக்காகப் படிக்காம விட்றாதீங்க” என்று கேட்டுக்கொள்ளுதல்.

4. தடிமனும் பாதுகாப்பும்

அலுவலக உணவறையில் கேட்ட உரையாடல் ஒன்று சிதையாமல் தரப்படுகிறது.

“சார், படிக்க நல்லதா ஒண்ணு சொல்லுங்க.”

“என்ன மாதிரி புடிக்கும்?”

“எதுன்னாலும் சரி சார்.”

“பொன்னியின் செல்வன்?”

“படம் பாத்துட்டேன் சார். ரெண்டு பார்ட்டும்.”

“புக்கு வேற மாதிரி இருக்கும்பா.”

“எவ்ளோ பெருசு சார்?”

“அஞ்சு பாகம்.”

“சின்னதா ஏதாவது?”

மூத்தவர் பதில் சொல்லாமல் தயிர்சாதத்தில் கவனமானார். அம்மௌனமே இவ்வியலின் ஆய்வுப்பொருள்.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’, தமிழில் ஆபத்தே இல்லாத பரிந்துரை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் எந்தக் கடையிலும் ஏதாவதொரு பதிப்பு கிடைக்கும். 2022இலும் 2023இலும் படம் வந்துவிட்டதால் வந்தியத்தேவன் யார் என்று விளக்க வேண்டியதில்லை. பிடிக்கவில்லை என்றால் பழி படித்தவர்மேல்தான் விழும், சொன்னவர்மேல் விழாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டு வந்து சந்தேகம் கேட்பவர் அரிது.

மாறாக, அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ போல மெல்லிய நாவல் ஒன்றைச் சொன்னால் கேட்டவர் நிஜமாகவே படித்துவிடும் அபாயம் இருக்கிறது. திங்கட்கிழமை வந்து “படிச்சிட்டேன் சார், தண்ணிக் கஷ்டம்தான் வருது, பெருசா ஒண்ணும் நடக்கலையே” என்று நிற்பார். அதில் என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு சொன்னவர் தலையில் விழும். அவர் படித்து எத்தனை வருஷமாயிற்றோ. எனவே நூலின் தடிமனும் பரிந்துரைப்பவரின் பாதுகாப்பும் நேர்விகிதத்தில் அமையும் என்பது பெறப்படுகிறது. 2014 முதல் 2020 வரை 26 நாவல்களாக எழுதப்பட்ட ஜெயமோகனின் ‘வெண்முரசு’ இவ்வளவுகோலில் மிக உயர்ந்த பாதுகாப்பு நிலை. “முதல் நாவலை மட்டும் தொடங்கிப் பாருங்க” என்பவரை இம்மண்ணில் எவரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது.

5. சிறார் பிரிவு

பெரியவர்களுக்குப் புத்தகம் சொல்கையில் நாம் எப்படித் தெரிய விரும்புகிறோமோ அதைச் சொல்கிறோம். பிள்ளைகளுக்குச் சொல்கையில் அவர்கள் என்ன ஆக வேண்டும் என்று நினைக்கிறோமோ அதைச் சொல்கிறோம். பிள்ளை எதைப் படிக்கும் என்பது இரண்டிலும் சேராத தனித் துறை.

கள ஆய்வு: 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சி, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம், பொங்கல் விடுமுறை மாலை. பலகைத் தரை தடதடக்கிறது. ஒலிபெருக்கி யாரையோ முதன்மை வாயிலுக்குக் கூப்பிடுகிறது. ஒன்பது வயது மதிக்கத்தக்க பையன் கையில் ஒரு காமிக்ஸ், அட்டையில் இரும்புக்கை மாயாவி. அப்பா கையில் பொது அறிவு வினா விடை, கணக்குப் புதிர், சாதனையாளர் வாழ்க்கை என மூன்று.

“இதுல என்னடா இருக்கு? வெறும் படம்.”

“கை மட்டும்தான்ப்பா தெரியும். ஆளு தெரிய மாட்டான்.”

“கரண்ட்ல கைய வச்சாத்தான்டா அப்படி ஆவான்,” என்றார் அப்பா. சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே உறைத்தது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது முதலில் வந்து இறங்கியவன் இந்த மாயாவிதான். அன்று பாடப்புத்தகத்துக்குள் அவனை ஒளித்துவைத்துப் படித்த தலைமுறையும், அவர்களிடமிருந்து கைமாறிப் படித்த அடுத்த தலைமுறையும் இன்று சாதனையாளர் வாழ்க்கை வாங்கித் தருகின்றன. பில் போடுகையில் நான்கும் மேசைமேல் இருந்தன. பத்து சதவீதம் கழித்தார்கள். காமிக்ஸைப் பையனிடம் கொடுக்கப்போன கடைக்காரரிடம் “அது எனக்கு” என்றார் அப்பா.

அடுத்த சான்று ‘டோட்டோ-சான்’. தெத்சுகோ குரோயாநாகி 1981இல் ஜப்பானிய மொழியில் எழுதியது. நேஷனல் புக் டிரஸ்ட் வழியாகத் தமிழுக்கு வந்து, ஆசிரியர் கூட்டங்களில் தவறாமல் பரிந்துரைக்கப்படுவது. ரயில் பெட்டிகளே வகுப்பறைகளான அந்தப் பள்ளியில் சேர வரும் சிறுமியை முதல் நாளே தலைமையாசிரியர் கொபயாஷி எதிரில் உட்காரவைத்து, அவள் பேசப் பேச நான்கு மணி நேரம் கேட்கிறார். இதைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பெரியவர்களிடம் அப்பகுதியை நினைவூட்டினால் நெகிழ்ந்துபோகிறார்கள். அதே நேரம் பக்கத்தில் பிள்ளை ஏதோ சொல்ல வந்தால் “இரு, பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல” என்பதையும் பதிவுசெய்தோம். அந்நூல் யாருக்கானது என்பதில் விலாசம் மாறிவிட்டதோ என்ற ஐயம் எழுகிறது.

இந்த விலாசச் சிக்கலை நேர்மையாக எதிர்கொண்டவர் அந்த்வான் து செந்த் எக்சுபெரி. 1943இல் வெளியான ‘குட்டி இளவரச’னை வளர்ந்த ஒரு நண்பருக்குக் காணிக்கையாக்கிய அவர், அதற்காகக் குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்டார். காரணங்களை வரிசையாகச் சொல்லி, அவையும் போதாதென்று தோன்றவே, சிறுவனாக இருந்தபோதைய அந்த நண்பருக்கு என்று காணிக்கையைத் திருத்திக்கொண்டார். வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் மொழிபெயர்த்து 1981இல் க்ரியா வெளியிட்ட தமிழ்ப் பதிப்பு, வீடுகளில் பிள்ளைகளின் அலமாரியிலும் பெரியவர்களின் அலமாரியிலும் மாறிமாறிக் காணப்படுவதில் வியப்பில்லை.

6. இரவலும் பின்தொடர்தலும்

வாயால் சொல்லும் பரிந்துரை காற்றோடு போகும். கையில் கொடுக்கும் பரிந்துரை போகாது. 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வைப் படித்து வளர்ந்தோருக்கு இந்நிலையை விளக்க வேண்டியதில்லை. புத்தகத்தை இரவல் கொடுத்தவர் அன்று முதல் தோளில் ஏறிய வேதாளம். “எதுவரைக்கும் வந்தீங்க?” என்று கேட்டுக்கொண்டே வருவார். “இன்னும் தொடங்கல” என்று வாய் திறந்தால் முருங்கைமரத்துக்குத் திரும்பிப்போய் அடுத்த வாரம் புதிதாக வருவார். படித்ததாகச் சொன்னால், “அந்தக் கடைசி இடம் எப்படி?” என்ற வினா வரும். இதிலிருந்து தப்ப இரவல் வாங்கியோர் கண்டுபிடித்த ஒரே விடை: “அது… சொல்ல வார்த்தையே இல்ல சார்.” கொடுத்தவரும் கண்கலங்கி ஆமோதிப்பார். அவரும் அந்த இடம் வரை வரவில்லை என்பது ஆய்வில் தெரியவந்த உபரித் தகவல்.

7. முடிவுகள்

அ. ‘எனக்குப் பிடித்தது’ என்பதும் ‘உனக்குப் பிடிக்கும்’ என்பதும் வெவ்வேறு கூற்றுகள். பரிந்துரைப்போருள் பெரும்பாலோர் முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதைச் சொன்னதாக நம்புகிறார்கள்.

ஆ. “என்ன மாதிரி புடிக்கும்?” என்று கேட்பவர்கள் உண்டு. பதிலைக் காதில் வாங்குபவரைக் கண்டால் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். அவர் அநேகமாக நூலகராகவோ பழைய புத்தகக் கடைக்காரராகவோ இருப்பார்.

இ. மாட்டுவண்டியின் முறை இன்றளவும் மேலானது. கூடத்து மேசையில் யாருக்கும் சொல்லாமல் விட்டுவைத்த புத்தகத்தை யாராவது எடுக்கிறார்கள். “படி” என்று கையில் திணித்ததன்மேல் காபி டம்ளர் வைக்கப்படுகிறது.

ஈ. பத்துக் குற்றமும் இல்லாத பரிந்துரையை எல்லாக் களங்களிலும் சேர்த்து ஒரே ஒரு தரப்பிடம்தான் கண்டோம். நான்கு வயதுக்காரர்கள் கிழிந்த படப் புத்தகத்தைத் தூக்கிவந்து மடியில் போட்டு, “அத்தை, இத வாசி” என்கிறார்கள். மேதாவித்தனம் இல்லை, முன்னுரை இல்லை. முக்கியமாக, சொல்லிவிட்டுப் போய்விடுவதில்லை. கடைசிப் பக்கம் வரை கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தைத் தாண்டினால் கண்டுபிடித்தும் விடுகிறார்கள்.

ஆகவே நூலைப் பரிந்துரைப்பவர் அது முடியும் வரை வாசிப்பவர் அருகில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை ரங்கநாதனின் ஐந்து விதிகளுக்கு அடுத்த விதியாகச் சேர்க்கலாம் என்று இக்கட்டுரை முன்மொழிகிறது. இது நடைமுறைக்கு வந்தால் நாட்டில் பரிந்துரைகள் கணிசமாகக் குறையும், சொல்லப்பட்ட புத்தகங்கள் படிக்கப்படவும் கூடும். ‘பொன்னியின் செல்வ’னைச் சொல்பவர் ஐந்து பாகத்துக்கும், ‘வெண்முர’சைச் சொல்பவர் 26 நாவலுக்கும் அடுத்தவர் வீட்டுச் சோபாவில் உட்கார வேண்டிவரும். அவ்வீட்டு இல்லத்தரசிகளின் கருத்து கேட்டுப் பெறப்பட்டது. அச்சில் ஏற்றத் தகுந்த பகுதி எதுவும் அதில் இல்லை.