இருக்கலாம், போனால் வரலாமா?

சிங்கப்பூர்

காரைக்குடியில் உள்ள பெரியவர்கள், பங்காளிகள், தாயபிள்ளைகள் எல்லாருக்கும்,

சாங்கி விமான நிலையத்தில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. ஊரிலிருந்து வந்து இறங்கும் ஆச்சி, பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் வைத்து முகத்தைக் காட்டுகிறார். கதவு திறக்கிறது. ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. "எத்தனை நாள் இருப்பீங்க?" என்று கேட்டால் சொல்வதற்காகத் திருச்சியிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்த பதில் வீணாய்ப் போகிறது. "மக பெத்து எந்திரிச்சு, பிள்ளைக்குத் தலை நிக்கிற வரைக்கும்" என்பது அந்தப் பதில். கேட்காமல் விட்டதே நல்லது. எத்தனை நாள் என்பதை அரசாங்கமே முடிவு செய்து, மாப்பிள்ளையின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டது. பெரும்பாலும் 30 நாள்.

பத்தியச் சாமான், பிரசவ லேகியம், சீப்புச் சீடை டப்பா எல்லாவற்றையும் இறக்கி வைத்த பிறகுதான் மாப்பிள்ளை தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்கிறார். ஆச்சிக்குக் கோபம் வந்துவிடுகிறது. "விசா வருஷக்கணக்குக்குக் குடுத்திருக்கான்னு ஏஜெண்டு சொன்னாரே?" ஏஜெண்டு பொய் சொல்லவில்லை. விசா என்பது வாசல்வரை வருவதற்கு. உள்ளே எத்தனை நாள் என்பது வாசலில் முடிவாகிற வேறொரு கணக்கு. பலமுறை வந்துபோகும் விசாவில் ஒவ்வொரு வருகைக்கும் தனித்தனியாக நாள் எண்ணுவார்கள். கூடுதல் நாள் வேண்டுமானால், உள்ள நாள் முடிவதற்குள் குடிநுழைவு ஆணையத்திடம் கேட்க வேண்டும். ஜோகூர் பாலத்தைத் தாண்டிப் போய் ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால் புதிதாக 30 நாள் விழும் என்று யோசனை சொல்லும் மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களை நம்ப வேண்டாம். திரும்பத் திரும்ப அப்படி வருகிறவர்களை அதிகாரிகளுக்கு நன்றாகவே தெரியும். அனுமதி முடிந்து 90 நாளுக்கு மேல் தங்கிவிட்டால் இந்த ஊர்ச் சட்டத்தில் சிறையோடு பிரம்படியும் உண்டு. பெண்களுக்கும் 50 வயது தாண்டிய ஆண்களுக்கும் பிரம்படி கிடையாது என்பது ஆச்சிக்கு ஆறுதல். மாமா தன் வயதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்பச்சியையும் ஆத்தாவையும் நீண்ட காலம் வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு வருகைப் பாஸ் இருக்கிறது. வேலை அனுமதியில் இருக்கும் மகன் அதைக் கேட்க வேண்டுமென்றால் நிலையான மாதச் சம்பளம் 12,000 வெள்ளி இருக்க வேண்டும். மனைவி, மக்களுக்கென்றால் 6,000 போதும். இதனால் ஊரில் ஒரு சௌகரியம். பெண் கொடுக்க வருகிறவர்கள் சம்பளச் சீட்டைக் கேட்டுச் சங்கடப்பட வேண்டியதில்லை. "அப்பச்சியும் ஆத்தாவும் நீண்ட காலப் பாஸில் இருக்காக" என்ற ஒரு வரியில் எல்லாம் தெரிந்துவிடும்.

இதெல்லாம் தங்குவதற்கான கணக்கு. நம்மவர்கள் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த படியில். பி.ஆர். கிடைத்தால் ஊரில் பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை போடுகிறோம். நிரந்தரவாசி என்று பெயரே சொல்கிறதே, இனி என்ன என்று தோன்றும். ஆனால் அந்த நிரந்தரம், ஆள் தீவுக்குள் இருக்கும் வரைக்கும்தான். வெளியே கால் வைக்கும்போது கையில் செல்லுபடியாகும் மறுநுழைவு அனுமதி, அதாவது ஆர்.இ.பி., இருக்க வேண்டும். வழக்கமாக ஐந்து வருஷத்துக்குத் தருவார்கள். அது காலாவதியான நிலையில் வெளிநாட்டில் இருப்பவருக்கு 2025 டிசம்பர் 1 முதல் புது விதி: 180 நாளுக்குள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், தவறினால் பி.ஆர். போய்விடும். அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த இடத்தில், இருந்து வீட்டையும் மராமத்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தங்குகிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளவும். செட்டிநாட்டு வீட்டு மராமத்து 180 நாளில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை.

நம்மூருக்கு இந்தப் பாடம் புதிதில்லை. மறந்துபோனதுதான் ஆச்சரியம்.

கடல் தாண்டிக் கொண்டுவிக்கப் போன, அதாவது தொழில் செய்யப் போன, ஐயாக்கள் காலத்தில் கணக்கு எளிதாக இருந்தது. முதலாளி ஊரில் இருப்பார். அவர் கடையை நடத்தும் ஏஜெண்டு மூன்று வருஷத் தவணைக்குக் கப்பலேறுவார். கூட அடுத்தாள், பெட்டியடிப் பையன். தவணை முடிந்ததும் ஏஜெண்டு ஊர் திரும்புவார், வேறொருவர் போவார். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் ஆள் மாறும். பெட்டகமும் கணக்கும் மாறாது. நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு, சிங்கப்பூர். 1926-இல் கட்டிய ரஜூலா கப்பல் இந்த வழியில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. கொழும்புக்கென்றால் போட் மெயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து தலைமன்னார். பர்மாவுக்கோ கேள்வியே இல்லை. அது இந்தியாவின் ஒரு மாகாணம். ரங்கூனுக்குப் போவது சட்டப்படி பம்பாய்க்குப் போவது போலத்தான்.

1937 ஏப்ரல் 1-இல் பர்மாவைத் தனியாகப் பிரித்தார்கள். அதனால் நமக்கென்ன என்று இருந்தவர்கள் உண்டு. 1930-இன் விலை வீழ்ச்சியில் நம் செட்டியார்களிடம் கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பித் தர முடியாமல், அடகு நிலமெல்லாம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் பயிர் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அப்போது அவர்களுடையது. இவ்வளவு நிலத்தை வைத்திருக்கிறவனை யார் வராதே என்பார்கள்? 1941-இல் சொன்னார்கள். இந்திய அரசும் பர்மா அரசும் செய்துகொண்ட ஒப்பந்தம், இந்தியர் நுழைய ஏ பர்மிட், பி பர்மிட் என்று வகை பிரித்தது. அதைப் பற்றிச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். ஓடி வந்தவர்கள், சண்டை ஓய்ந்ததும் திரும்பலாம் என்றுதான் நினைத்தார்கள். 1947-இல் பர்மா புதிய குடிநுழைவுச் சட்டம் போட்டது. 1948-இல் நில தேசியமயச் சட்டம். 1964-இல் கடைகளும் போயின. பர்மாத் தேக்கு நம் வளவு வீடுகளில் தூணாக நிற்கிறது. அதை அனுப்பி வைத்தவர்களால் தங்கள் வயலைப் போய்ப் பார்க்க முடியவில்லை. காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு பகுதியே இருக்கிறது. ரங்கூனில் காரைக்குடிக் காலனி இல்லை.

இலங்கையில் இவ்வளவு சத்தம் இல்லை. 1949 நவம்பர் 1 முதல் குடிவரவுச் சட்டம் அமலுக்கு வந்தது. கொழும்புச் செட்டியார் தெருவில் தலைமுறையாகக் கடை வைத்திருந்தவர்களும் தற்காலிக வசிப்பு அனுமதி வாங்க வேண்டியவர்கள் ஆனார்கள். கடை நிரந்தரம், கடைக்காரர் தற்காலிகம்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1953 ஆகஸ்ட் 1 முதல் புதுச் சட்டம். அதில்தான் மறுநுழைவு அனுமதி நம்மவர்களுக்கு அறிமுகமானது. இருப்பவர் போய் வரலாம், சீட்டு இருந்தால். ஆனால் அவருக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பும் பழைய முறை முறிந்தது. மூன்று வருஷத் தவணை என்ற அச்சாணியே கழன்றது. 1959-இல் இன்னும் இறுக்கினார்கள்: 1954 டிசம்பருக்குப் பிறகு ஐந்து வருஷம் தொடர்ந்து கணவனைப் பிரிந்திருந்த மனைவிக்கு வர அனுமதி இல்லை, ஆறு வயதான பிள்ளைக்கும் இல்லை. மனைவியை ஊரில் விட்டுவிட்டுக் கடல் தாண்டுவதுதான் நம்மவர் வழக்கம் என்பது சட்டம் எழுதியவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மனைவிமார் பிரிந்திருந்தது பிணக்கினால் அல்ல, ஆயிரம் ஜன்னல் வீட்டைப் பெருக்கித் துடைத்து, மாமியாரைப் பார்த்து, படைப்புக்கும் நோன்புக்கும் முன்நின்று நடத்தினார்கள் என்று எந்தப் படிவத்தில் எழுதுவது?

இப்போதைய தலைமுறை வேறு திசைகளுக்கும் போயிருக்கிறது. துபாய் வசிப்பு விசா, சாதாரணமாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் காலி. கொரோனா காலத்தில், 2020 மார்ச் 19 முதல் விசா கையில் இருப்பவர்களையும் உள்ளே விடுவதில்லை என்று அமீரகம் அறிவித்தபோது, விடுப்பில் வந்திருந்த பலர் ஊரிலேயே சிக்கிக்கொண்டார்கள். வாடகை அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்கப் பச்சை அட்டை வாங்கிய அப்பச்சிகள் ஒரு வருஷத்துக்கு மேல் ஊரில் இருக்க நினைத்தால், புறப்படும் முன்பே மறுநுழைவுச் சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு வருஷம் வரைக்கும் தருவார்கள். காரைக்குடிக்கு வந்து சேர்ந்த பிறகு ஞாபகம் வந்து பயனில்லை. விண்ணப்பிக்கும்போது ஆள் அமெரிக்காவில் இருந்தாக வேண்டும்.

இந்த நாடுகளோடு ஒப்பிட்டால் நம் செட்டியார்களின் ஒன்பது கோயில்களின் குடிநுழைவுத் துறை எவ்வளவோ தாராளம். இளையாற்றங்குடியோ பிள்ளையார்பட்டியோ, கல்யாணம் ஆனதும் கோயில் கணக்கில் ஒரு குடும்பம், அதாவது ஒரு புள்ளி. புள்ளி வரியைக் கட்டிவந்தால் போதும். மூன்று தலைமுறை பினாங்கில் இருந்துவிட்டு வந்தாலும், 180 நாள் தாண்டிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. யாரைக் கட்டினாய் என்று மட்டும் விசாரிப்பார்கள். அந்த விசாரணை சாங்கியில் கிடையாது.

சிங்கப்பூர்க் குடியுரிமையே வாங்கிவிட்டால் ஆர்.இ.பி. தொல்லை ஒழிந்தது. பதிலுக்குச் சொந்த ஊருக்கு வர அனுமதி வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. 2005-இல் சட்டம் திருத்தி, ஓ.சி.ஐ. அட்டை தருகிறது. ஆயுள் முழுக்க வரலாம், போகலாம். வீடு வாங்கலாம். விவசாய நிலம் மட்டும் வாங்கக்கூடாது. கீழ்ப் பர்மாவில் வெளிநாட்டாராக நின்று நெல் வயலை ஆண்டவரின் கொள்ளுப்பேரன், சொந்த ஊரில் வெளிநாட்டாராகி, கண்மாய்க்கரையில் அரை ஏக்கர் வயல் வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

பரம்பரையாக வருவது வளவில் ஒரு பங்கு. வளவை ஒத்துப்போய்ப் பிரிக்கவோ முழுதாக விற்கவோ பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். பினாங்கில் சிலர், டல்லாஸில் ஒருவர், துபாயில் இருவர். எல்லாரும் ஒரே வாரத்தில் காரைக்குடிக்கு வந்து சேர நாள் குறிக்க வேண்டும் என்று வாட்ஸ்ஆப் குழுவில் பேச்சு நடக்கிறது. ஜோசியர் தை மாதத்தில் மூன்று முகூர்த்தம் கொடுத்துவிட்டார். டல்லாஸ்காரரின் பச்சை அட்டைக் கணக்கு அந்த மூன்றுக்கும் ஒத்துவரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சிங்கப்பூர்க்காரன்