விழாத தோளுக்கு நட்டஈடு இல்லை

ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் தோளுக்கு ஓய்வில்லை. காலையில் பிரட்டுக்குப் போனால், சாக்கு நிறுவைக்கு வரும்வரை பாரம் இறங்காது. மழை பெய்தால் கொழுந்தோடு தண்ணீரும் சேர்ந்து கனக்கும். அந்த ஈரத்தைத் தராசில் கழிப்பார்கள், தோளில் கழிக்க மாட்டார்கள்.

அந்தத் தோள் ஒருநாள் தூக்க மறுத்தால்? 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022 இல் உச்சத் தொகையை ஐந்தரை லட்சத்திலிருந்து 20 லட்சமாக்கினார்கள். கை போனால் இத்தனை வீதம், விரல் போனால் இத்தனை வீதம் என்று அட்டவணையே உண்டு. தேய்ந்துபோன தோள்தான் வில்லங்கம். சட்டம் கேட்பது விபத்து. முப்பது வருடமாக மெல்ல மெல்ல நடந்த விபத்துக்கு எந்தத் திகதி போடுவது?

“எப்ப விழுந்தீங்க?”

“விழவே இல்லைங்க ஐயா.”

போச்சு, வழக்கு விழுந்துவிட்டது.

துப்பாக்கி தூக்கிய தோளுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 12 வருட சேவை முடியுமுன் ஊனமான இராணுவத்தினர், ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பு கோட்டையில் உட்கார்ந்தார்கள். குண்டு நாட்காட்டி பார்த்துப் பட்டிருக்க வேண்டுமாம்!

ஆகவே அக்காமாரே, சாக்கோடு வழுக்கினால் அன்றைக்கே கங்காணியிடம் சொல்லுங்கள். டிஸ்பென்சரித் துண்டில் திகதி போட்டு வாங்குங்கள். வழுக்காமலே வலித்தால், தைலம்தான்.