மார்ச் மாதத்துப் பாசம்

மார்ச் பிறந்தால் தொண்டு நிறுவனங்களுக்கு நம்மேல் பாசம் பொங்கிவிடும். 'வரிச் சலுகைக்குக் கடைசி வாய்ப்பு!' என்று வாட்ஸ்அப்பில் சிவப்பு எழுத்து மிரட்டும். கீழே அழுகிற குழந்தை, அதற்கும் கீழே க்யூஆர் கோடு. 2023-24 நிதியாண்டு முதல் நாமாகப் பழையதை மாற்றிக் கேட்காவிட்டால் புதிய வரிமுறைதான். அதில் நன்கொடைக்கான 80ஜி கழிவே கிடையாது. அனுப்புகிறவருக்கு இது தெரியவில்லை, அல்லது பழைய பேனரை மாற்ற மனசில்லை. சலுகை காட்டாவிட்டால் யார் கொடுப்பார்கள் என்கிறார்கள். கோயில் உண்டியல் ரசீதே தருவதில்லை, நிரம்பத்தான் செய்கிறது. சாமி மட்டும் கணக்குக் காட்டுகிறதா என்று மடக்கலாம். சாமிக்கு நம்பிக்கை முன்பணமாகவே வந்துவிட்டது. நிறுவனம்தான் அதைச் சம்பாதிக்க வேண்டும். போன வருஷப் பணத்தில் எத்தனை கண்புரை அறுவை நடந்தது என்று ஜூலையில் ஒரு வரி அனுப்பலாம். ஆனால் மே 31-க்குள் தரவேண்டிய 10பிஇ நன்கொடைச் சான்றிதழே அப்போதுதான், அதுவும் இரண்டு முறை கேட்ட பிறகு, 'அன்புள்ள கொடையாளர்' என்று பெயரில்லாமல் வந்து சேர்கிறது.