ஓகே பட்டனைக் காணவில்லை

அனுப்புநர்: டி.டி.பி. கடைக்காரர் ஒருவர், பெரிய கோயிலுக்குப் பக்கத்துச் சந்து, திருவண்ணாமலை.

பெறுநர்: ‘இம்மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்கும்’ என்ற வரியை எழுதும் அதிகாரி அவர்கள், சகல அலுவலகங்கள்.

பொருள்: லினக்ஸ் கணினியில் விண்டோஸ் மென்பொருளின் திரைக்கோளாறுகளை நீக்கித் தரக் கோருதல், அல்லது அந்த மென்பொருளே தேவைப்படாமல் செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஒருங்குறி குறித்த 2010 ஜூன் மாத அரசாணை. 2. மேற்படி அரசாணையைப் பார்த்திராத தங்கள் கோப்புகள்.

ஐயா / அம்மா,

தங்கள் பெயரோ முகமோ நான் அறியேன். தங்கள் எழுத்து மட்டும் நன்றாகத் தெரியும். எந்த அலுவலகத்துப் படிவத்தை இறக்கினாலும் கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் அந்த ஒற்றை வரி இருக்கிறது. துறை மாறினாலும் ஆட்சி மாறினாலும் வரி மாறுவதில்லை. அதனால் இதை எழுதுபவர் ஒருவர்தான், அவர் இன்னும் ஓய்வு பெறவில்லை என்ற முடிவுக்கு வந்து இம்மனுவைச் சமர்ப்பிக்கிறேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டுமாம். என் கடைக் கணினியில் கீபோர்டு எழுத்துகள் தேய்ந்துபோனது தவிர வேறு குறை கிடையாது. ஆனால் அந்தச் சில்லு இல்லை. நன்றாக உழைக்கிற மாட்டை, காதில் கம்மல் இல்லை என்பதற்காகவா அடிமாட்டுக்கு அனுப்புவது? லினக்ஸ் போட்டேன். பிரவுசர் திறக்கிறது, பிரின்டர் ஓடுகிறது, வைரஸ் பயம் குறைந்தது. எல்லாம் தங்கள் கோப்பு வந்து சேரும்வரைதான்.

கிரிவல ஏற்பாடுகள் பற்றிய ஒரு நோட்டீஸ் அச்சடிக்க வேண்டும் என்று ஓர் அலுவலகத்திலிருந்து கோப்பு வந்தது. பேஜ்மேக்கர் கோப்பு. விலைப்புள்ளி கொடுக்கத் தனியாக ஒரு குட்டி மென்பொருளும் கூடவே வந்தது. அதன் அடியில் தங்கள் திருவரி.

பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றது. அடோபி நிறுவனம் இன்டிசைன் பக்கம் போய்விட்டது. தமிழ்நாட்டு டி.டி.பி. கடைகள் போகவில்லை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, அன்னதான நோட்டீஸ் என்று அதில் அடித்துவைத்த பழைய கோப்புகளை விட்டுவிட்டு எங்கே போவது? தவிர, ஒருங்குறி என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் அதுவும் தாங்களும் ஒரே கட்சி.

ஆகவே ‘வைன்’ போட்டேன். கோயில் ஊரில் இப்படிச் சொல்வதற்கு மன்னிக்கவும், இது மென்பொருள். விண்டோஸ் நிரல் ஒன்று ‘எனக்கு ஒரு ஜன்னல் வரை, இந்த எழுத்தை இந்த ஃபான்ட்டில் காட்டு’ என்று விண்டோஸிடம் கேட்பதை, நடுவில் நின்று வாங்கி, லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி சொல்லி வேலை வாங்குவது இது. 1993-இல் தொடங்கிய இந்தத் திட்டம் 1.0 என்ற எண்ணைத் தொட்டது 2008 ஜூனில். இடையில் 15 ஆண்டுகள். தங்கள் மேசையில் கோப்பு நகரும் வேகத்தைக் கண்டவர்களுக்கு இது பெரிய காலமாகத் தோன்றாது. வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் அந்தப் 15 ஆண்டுகளும் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

முதலில் தங்கள் விலைப்புள்ளி மென்பொருள். எங்கள் ஊர்த் தலபுராணம் தங்களுக்குத் தெரியாதிருக்காது: சோதிப்பிழம்பாய் நின்றவரின் முடியைத் தேடிப் பிரம்மா அன்னமாகப் பறந்தார், அடியைத் தேடித் திருமால் பன்றியாகப் பூமியைக் குடைந்தார், இருவருக்கும் அகப்படவில்லை. தங்கள் பதிவுப் பெட்டி என் திரையில் அதே கோலத்தில் எழுந்தருளியது. தலைப்புப் பட்டை மேலே எங்கோ; ஓகே பட்டன் கீழே எங்கோ. ஆல்ட் விசையை அமுக்கிக்கொண்டு மவுஸால் ஜன்னலை மேலே மேலே இழுத்தேன். பாதாளம் தெரிந்தது, பட்டன் தெரியவில்லை. பிரம்மாவுக்காகப் பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூவின் வேலையை ‘நிறுவுதல் வெற்றிகரமாக முடிந்தது’ என்ற செய்தி பார்த்துக்கொண்டது. அந்தப் பொய்ச்சாட்சிக்காகத் தாழம்பூவைச் சிவபூஜையிலிருந்து விலக்கிவைத்தார்கள். தங்கள் செய்திப் பெட்டியை யாரும் விலக்கவில்லை.

தீர்வு என்னவோ எளிதுதான். வைனின் அமைப்புப் பெட்டியில் கிராஃபிக்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே ‘விர்ச்சுவல் டெஸ்க்டாப்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தால், தங்கள் மென்பொருள் தனக்கென்று ஒரு சதுர எல்லைக்குள் அடங்கி உட்காரும். அதே பக்கத்தின் அடியில் டி.பி.ஐ. என்ற எண் உண்டு. 96 இருக்க வேண்டிய இடத்தில் கூடுதலாக இருந்தால் எழுத்தும் பட்டனும் ஊதிப் பெருத்துத் திரையை மீறும். அதைக் குறைத்ததும் ஓகே பட்டன் தரிசனம் தந்தது. அமுக்கினேன். ‘இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் தேவை’ என்றது. அந்தக் கதை இம்மனுவின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

மெனுவைத் திறந்தால் கறுப்புத் திட்டு, மூடினால் அதன் நிழல் திரையில் ஒட்டிக்கொண்டு நிற்பது, ஸ்க்ரோல் செய்தால் மினுக்குவது, இதையெல்லாம் விரித்துத் தங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். லினக்ஸ் திரையில் ஜன்னல்களுக்கு நிழலும் கண்ணாடிப் பளபளப்பும் சேர்க்கிற ‘காம்போஸிட்டர்’ என்பதை நிறுத்திவிட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடுகிறது. தெளியாவிட்டால் வேலேண்ட் என்ற திரை அமைப்பை விட்டு எக்ஸ்-ஆர்க் வழியாக உள்ளே நுழைந்து பார்க்கலாம். எழுத்து ஓரம் பிசிறடித்தால் ‘ஃபான்ட் ஸ்மூத்திங்’. எனக்கு இவையெல்லாம் கைவந்துவிட்டன. முன்பு பக்கத்துக் கடைக்காரர் என்னைப் ‘பத்திரிகை அடிக்கிறவர்’ என்பார். இப்போது ‘இன்ஜினியர்’ என்கிறார். தங்கள் புண்ணியம்.

உண்மையான வியாதி ஃபான்ட்டில் இருக்கிறது.

தங்கள் நோட்டீஸைப் பேஜ்மேக்கரில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் ஆச்சரியக்குறிகளும் அடிதடியில் இறங்கியது மாதிரி ஒரு பக்கம் வந்தது. காரணம் தங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், ஆனாலும் கோப்பில் பதிவாக வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பழைய தமிழ் ஃபான்ட்டுகள் ஆங்கில எழுத்துகளின் எண்களில் தமிழ் உருவங்களை உட்கார வைத்தவை. வானவில் ஒரு முறையில் உட்கார வைத்தது, பாமினி வேறு முறையில். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு இந்தக் குழப்பத்தைத் தீர்க்க டாம், டாப் என்று இரண்டு முறைகளைத் தந்தது. நல்ல நோக்கம், ஆனால் பட்டியலில் இரண்டு கூடிற்று. அந்தந்த ஃபான்ட் கணினியில் இருந்தால் தமிழ், இல்லையென்றால் அடிதடி. ஃபான்ட் கோப்பைத் தேடிப் பிடித்து, வைனுக்குள் இருக்கும் பொய்யான ‘சி டிரைவ்’, அதற்குள் விண்டோஸ், அதற்குள் ஃபான்ட்ஸ் என்ற உறையில் போட்டேன். தமிழ் வந்தது.

தங்கள் விலைப்புள்ளி மென்பொருளுக்கு நேரெதிர் நோய். அதில் மெனு ஒருங்குறித் தமிழ், ஆனால் லதா ஃபான்ட்டை மட்டும் பெயர் சொல்லிக் கேட்கிறது. லதா மைக்ரோசாஃப்டின் சொத்து, வைனோடு வராது. ஆகவே பெயர், முகவரி, தொகை எல்லாமே வெறும் கட்டங்கள். எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது? வைனின் ரெஜிஸ்ட்ரியில் ‘ரிப்ளேஸ்மென்ட்ஸ்’ என்ற இடத்தில், லதா என்று யாராவது கேட்டால் நோட்டோ சான்ஸ் தமிழைக் கொடு என்று எழுதிவைத்தேன். கட்டங்கள் எழுத்தாயின, ஒரு பகுதி மட்டும். ஒரு மூலையில் ‘பௌர்ணமி’யின் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. கொம்பு முன்னால் வர வேண்டும் என்பதை எழுத்துக்கு எழுத்து கோத்துத் தருகிற வேலையை அந்த இடத்தில் தங்கள் மென்பொருள் கணினியிடம் ஒப்படைக்கவே இல்லை. அதை என்னால் சரிசெய்ய முடியாது. மாதாமாதம் மலையை 14 கிலோமீட்டர் சுற்றி வருகிற ஊரில் பௌர்ணமியை இப்படி எழுதினால் எப்படி?

இனி நோட்டீஸில் தாங்கள் கேட்ட திருத்தம். பழைய ஃபான்ட்டில் தட்டச்சு செய்ய உதவும் கீபோர்டு மென்பொருள் வைனுக்குள் ஒழுங்காக ஓடவில்லை. ஆகவே லினக்ஸிலேயே தமிழ் 99 விசைப்பலகையில், ஒருங்குறியில் அடித்தேன். அதை ஒரு மாற்றியில் போட்டு உடைத்துப் பழைய ஃபான்ட்டாக்கினேன். பேஜ்மேக்கரில் ஒட்டினேன். பி.டி.எஃப். செய்து தங்களுக்கு அனுப்பினேன். தாங்கள் அதை அச்செடுத்து, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, சற்றே சாய்வாக ஸ்கேன் செய்து, படமாக இணையதளத்தில் ஏற்றினீர்கள். ஒருங்குறியில் பிறந்த அந்த அறிவிப்பில் இன்று ‘கிரிவலம்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது.

இதில் என் மனத்தாங்கல் என்னவென்றால், சட்டம் என் பக்கம் இருக்கிறது. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனில்தான் ஒருங்குறியையும் டேஸ் 16 என்ற குறியீட்டு முறையையும் தமிழக அரசு தரமாக அறிவித்தது. அதற்கு முன்பே, 2007 வாக்கில், உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த, தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அதே ஆண்டில் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்திலிருந்து பாஸ் லினக்ஸ் வந்தது. 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார்கள். தாங்கள் இந்தச் சமயங்களில் எல்லாம் ஈட்டிய விடுப்பில் இருந்திருக்க வேண்டும். 2015-இல் மத்திய அரசும் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது. கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் பல்லாண்டுகளாக லினக்ஸில்தான் பாடம் படிக்கிறார்கள். அவர்களுடைய மெனுவில் கட்டம் இல்லை, எழுத்து இருக்கிறது.

ஆகவே ஐயா / அம்மா, என் கோரிக்கை சிறியது. மென்பொருளை எனக்காக மாற்றி எழுத வேண்டாம். விலைப்புள்ளியைப் பிரவுசரில் நிரப்பும் ஒரு சாதாரணப் பக்கமாக வையுங்கள். நோட்டீஸ் வாசகத்தை ஒருங்குறியில், வெறும் எழுத்தாக, ஈமெயிலிலேயே ஒட்டி அனுப்புங்கள். அலங்காரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்; அதற்குத்தான் காசு வாங்குகிறேன். ஆந்திரம், தெலங்கானாவிலிருந்து பக்தர்கள் பெருகிவிட்டதால் தெலுங்கு நோட்டீஸும் கேட்கப்போகிறீர்கள். அதற்கும் இதே முறை போதும். இல்லையென்றால் தெலுங்குக்கென்று இன்னொரு வண்டி ஃபான்ட்டுகளும் இன்னொரு சுற்றுத் திரைக்கோளாறும் கிளம்பும்.

இது இயலாது, விண்டோஸ்தான் வேண்டும் என்று தாங்கள் கருதினால், மாவட்டத்துக்கு ஒருவர் வீதம் ‘முதுநிலைத் திரை சீராக்குநர்’ என்ற பணியிடத்தை உருவாக்கி, அவரைப் பௌர்ணமிக்கு முந்தைய நாள் என் கடைக்கு அனுப்பிவைக்கவும். டீ என் செலவு.

இப்படிக்கு,
ரெஜிஸ்ட்ரி வரை போய்வந்த டி.டி.பி. கடைக்காரர்

இணைப்பு: நோட்டீஸின் ப்ரூஃப், திருத்தியது.

குறிப்பு: ப்ரூஃபில் வேறு திருத்தம் இருந்து பேஜ்மேக்கர் கோப்பாகவே திருப்பி அனுப்புவதானால், கூடவே ஃபான்ட்டையும் அனுப்பவும். சென்ற முறை மறந்துவிட்டீர்கள்.